சலாம் வரிசை

சிலம்பம் பழகிய பெண்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். மேடையில் ஆடுகிறார்கள், கோப்பை வாங்குகிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. ஏன் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் உடம்புக்கு நல்லது, நம் மண்ணின் கலை, தைரியம் வரும் என்கிறார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. என் கணவர் என்னை அடித்துக்கொண்டிருந்தார், அது நிற்க வேண்டும், அதற்காகத்தான் கம்பைத் தொட்டேன். கலை வளர்க்கும் ஆசையெல்லாம் எனக்குக் கடுகளவும் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒரே மகள், இரண்டாம் வகுப்பு படித்தாள். கணவர் ஓர் ஆபீஸில் கிளார்க். வெளியில் அவரைப் போல நல்லவரைப் பார்க்க முடியாது. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ரேஷன் கடை வரிசையில் கிழவிகளை முன்னால் விட்டுவிட்டுத் தான் பின்னால் நிற்பார். தங்கமான மனுசன் என்று சொல்லாத ஆள் இல்லை. அந்தத் தங்கத்தை உரைத்துப் பார்த்த கல் நான் ஒருத்திதான்.

நாங்கள் குடியிருந்தது ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டு. முன்கட்டில் அவர்களும் அவர்களுடைய தறியும். இரண்டுக்கும் நடுவே பொதுவாக ஒரு முற்றம். அதில் கிணறு, துவைக்கிற கல், துணி காயப்போடும் கொடி. கொடி உயரத்தில் இருக்கும் என்பதால் துணியை ஏற்றி இறக்க ஒரு மூங்கில் கம்பு சுவரில் சாய்ந்து நிற்கும். அமாவாசை தவிர மற்ற நாளெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் என்னை அடிக்க ஆரம்பித்தால் தறி நிற்கும். கேட்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். நமக்கெதற்கு என்று முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது எனக்குப் புரியாது. தறி பேசியது மட்டும் நன்றாகவே புரிந்தது.

அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய. பெற்ற தாயே கதவை முழுசாகத் திறக்கவில்லை. அம்மா வீடு பேரையூரில். மகளைத் தூக்கிக்கொண்டு போய் நின்ற ஒவ்வொரு தடவையும் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணன் கூட்டிவந்து விட்டுவிட்டு, மாப்பிள்ளையோடு காபி குடித்துவிட்டுப் போனார்.

"அடிக்கிற கைதான்த்தா அணைக்கும். நீ கொஞ்சம் வாயக் குறச்சுக்க" என்றாள் அம்மா.

என் வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடிபட்ட நாட்களில் பாதி நாள் நான் வாயே திறக்கவில்லை. ரசம் ஆறியிருந்தது, சட்டையில் பட்டன் இல்லை, நான் வாசலில் நின்று யாரையோ பார்த்துச் சிரித்தேன், சிரிக்கவில்லை. காரணம் தேடி அவர் ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை.

இதெல்லாம் எங்கள் பக்கத்தில் பழகிப்போன சங்கதிதான். நானும் பழகித்தான் கிடந்திருப்பேன். ஒருநாள் சாயங்காலம் வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த மகள் சிலேட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் முடிந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எங்கம்மா வலிக்குது?"

நான் காட்டிய இடத்தில் துண்டை வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ரேடியோ கூடும், குறையும், ஈரத்துண்டு வரும். அடியை நான் தாங்கிக்கொண்டேன். அந்தத் துண்டைத் தாங்க முடியவில்லை. தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. வாளி நிறைந்து வழிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருப்பேன். இவள் துண்டை நனைத்துக்கொண்டு வந்து யாரிடம் நீட்டுவாள் என்ற நினைப்பு வரும். கயிற்றை இழுத்துவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஒருத்தி இருந்தாள். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், கல்யாணம் ஆகவில்லை. அவள் வீட்டில் ஆண்பெண் எல்லோருக்கும் கம்பு தெரியும். ஆண்டுவிழாவுக்காகப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் பழக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் நாலைந்து டீச்சர்கள் மர நிழலில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஒரு பிள்ளையின் கையிலிருந்து கம்பு நழுவி எங்களைப் பார்த்து வந்தது. மற்றவர்கள் கத்திக்கொண்டு விலகினார்கள். கம்பு யார் மேலும் படாமல் மரத்தில் மோதி விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்து என் முன்னால் குந்தினாள்.

"வலிச்சுதா டீச்சர்?"

"மேல படவே இல்லையே."

"அதத்தான் கேக்குறேன். படாததுக்கே இப்படி உக்காந்திருக்கீங்க. பழகுனவங்கதான் இப்படி உக்காருவாங்க."

நான் புடவையைத் தட்டிவிட்டு எழுந்தேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கிரவுண்டுக்கு வாங்க. முதுகுவலிக்கு எக்சர்சைஸ்னு வீட்ல சொல்லிக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனேன். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டச் சொன்னாள். கம்பு கையில் தருவாள் என்று நினைத்தேன். தரவில்லை. நிற்கச் சொன்னாள். பிரேயரில் நிற்பதைப் போலக் கால்களைச் சேர்த்து நின்றேன். அவள் தன் பாதத்தால் என் கணுக்காலில் லேசாகத் தட்டினாள். அடி மாதிரியே இல்லை அது. நான் வெட்டிய வாழைமரமாக விழுந்தேன். கிரவுண்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள், கணக்கு டீச்சர் மண்ணில் கிடப்பதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல நாள் அந்த வருஷத்தில் வந்திருக்காது.

"இம்புட்டுத்தான் டீச்சர். கம்பு கடைசிப் பாடம், காலுதான் முதப்பாடம். ரெண்டு காலையும் சேத்து வச்சு நிக்கிறவன சின்னப்புள்ள தட்டுனாலும் விழுவான். எத மறந்தாலும் இத மறந்துறாதீங்க."

கம்பு கைக்கு வர ரொம்ப நாளானது. நிமிர்த்தி வைத்தால் என் நெற்றிக்கு வரும்படி அளந்து வெட்டித் தந்தாள். வந்தபிறகும் உடனே வீசிவிட முடியாது. முதலில் சலாம் வரிசை. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நாலு திசைக்கும் கம்பைக் காட்டி, கடைசியாக எதிரே நிற்பவரைப் பார்த்து மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். அதை முடிக்காமல் கம்பு தோளுக்கு மேலே போகக்கூடாது. அவசரத்தில் நான் அரைகுறையாகக் குனிந்தால் அவள் தன் கம்பைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பாள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். களைத்துப்போய் உட்கார்ந்து எழுந்தாலும் சலாம். தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் சலாம். தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பாள். கையில் கம்பில்லாதவனை அடிக்கக்கூடாது, விழுந்தவனை அடிக்கக்கூடாது என்று இன்னும் இரண்டு சட்டங்கள் இருந்தன. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் வீட்டில் கம்பில்லாதவளையும் விழுந்தவளையும் தவிர வேறு யாரும் அடிபட்டதில்லை.

நான் நல்ல மாணவி இல்லை. என் இடது மணிக்கட்டு திரும்பாது, அது ஏற்கனவே ஒருமுறை முறுக்கப்பட்ட கை. கம்பு சுற்றிவரும்போது கண்ணை மூடிவிடுவேன். கம்பைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க, ஆளு கண்ணு எங்க போகுதோ அங்கதான் அடி வரும் என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டியது. பல வருஷமாக நான் அடிக்கிறவர் கண்ணைப் பார்க்காமல் இருக்கவே பழகியிருந்தேன். பார்த்தால் இன்னும் நாலு சேர்ந்து விழும். அதனால் கம்பு வீச்சைவிட, நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது எனக்குத் தானாகக் கண்ணீர் வழியும். அவள் கண்டுகொள்ள மாட்டாள். தடுங்க டீச்சர் என்று சொல்லிக்கொண்டே வீசுவாள்.

சனிக்கிழமைகளில் ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு பி.டி. டீச்சரோடு கீழக்குயில்குடிக்கு டவுன் பஸ் ஏறுவேன். மலையடிவாரத்தில் தாமரைக் குளத்தை ஒட்டிய வெட்டவெளியில் பழகுவோம். பாறையில் கம்புச் சத்தம் பட்டுத் திரும்பி வரும். மகள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்குவாள். முதல் நாள் டீச்சருடைய கம்பு என் தோளில் பட்டபோது, மகள் ஓடிப்போய்க் குளத்தில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து நின்றாள். பி.டி. டீச்சர் அதைப் பார்த்தாள். போய்க் குளத்தில் முகம் கழுவிவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆக, என் உடம்பில் இரண்டு கணக்கு ஓடியது. சாயங்காலம் கிரவுண்டில் வாங்கியது ஒன்று, வீட்டில் வாங்கியது ஒன்று. குளிக்கும்போது எது எவருடையது என்று எனக்குத் தெரியும். அவள் வைத்த கன்றலை விரலால் அழுத்திப் பார்ப்பேன். அது நான் தடுக்கத் தவறியது, நாளைக்குத் தடுப்பேன். மற்றதைத் தொட மாட்டேன். மாதங்கள் போயின. தோள் இறுகியது, கம்பு காற்றில் விர்ரென்று பேச ஆரம்பித்தது. வீட்டில் ஒன்றும் மாறவில்லை. எதற்காகப் போனேனோ அது மட்டும் அப்படியே இருந்தது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில் என்பார்களே, என் பிழைப்பு அதைவிடக் கேவலம். சாயங்காலம் கம்பு சுற்றிவிட்டு வந்து, விளக்கு வைத்ததும் சுருண்டு உட்கார்ந்து தலையைப் பொத்திக்கொள்வேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினார். செருப்புச் சத்தம் சரியில்லை. மகள் எழுந்து ரேடியோவைக் கூட்டினாள். அன்றைக்கு என்னவோ அது அவர் காதில் உறுத்தியது.

"எதுக்கு இம்புட்டுச் சத்தம்? யாரு வைக்கச் சொன்னா?" என்று பிள்ளையைக் கன்னத்தில் அறைந்தார்.

அதுவரை அவர் அவளைத் தொட்டதில்லை. மகள் அழவில்லை. அறை வாங்கிய கையோடு ரேடியோவைக் குறைத்தாள். பிறகு பழக்கத்தில் துண்டை எடுக்கப் போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. முற்றத்துக்கு ஓடினேன். கொடிக்கம்பைப் பிடுங்கினேன்.

"வெளிய வாங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் வந்தார். தறி நின்றது. முன்கட்டு ஜன்னலில் வீட்டுக்கார அம்மா முகம் தெரிந்தது. நான் அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். கால்கள் தானாக அகன்று மண்ணைப் பிடித்தன. எல்லாம் சரியாக இருந்தது. வீச வேண்டியதுதான் பாக்கி.

நான் குனிந்தேன்.

கோயிலைத் தாண்டும்போது கை தானாகக் கன்னத்துக்குப் போவதில்லையா, அப்படித்தான் அது நடந்தது. கம்பைப் பிடித்த உடம்பு சலாம் வைக்காமல் ஆரம்பிக்க மறந்துபோயிருந்தது. கம்பைக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து, தரையைத் தொட்டேன். என் விரல்கள் அவர் கால் பக்கத்தில் இருந்தன. தொட்டுக் கண்ணில் ஒற்றியபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் எட்டி உதைத்தார். துவைக்கிற கல்லில் தோள் மோதி விழுந்தேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது.

அவர் சிரித்தார். கோபத்தோடு அல்ல, நிஜமாகவே சிரித்தார்.

"கம்பத் தூக்குனவ கால்ல விழுந்துட்டா பாத்தீங்களா? இம்புட்டுத்தான் இவ வீரம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். கட்டுப் போட்டார்கள். அதைவிடப் பெரிய கட்டு ஒன்றைத் தெரு போட்டது. புருசனை அடிக்கக் கம்பெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பயந்து காலில் விழுந்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. பேரையூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா முருங்கைக்கீரையும் நாட்டுக்கோழி முட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இப்பத்தான்த்தா உனக்குப் புத்தி வந்திருக்கு. விழுந்தா என்ன, புருசன் காலுதான?" என்று என் தலையைத் தடவினாள்.

இல்லையம்மா, அது சலாம் என்று யாரிடம் போய் விளக்குவது. விளக்கினால் மட்டும் கௌரவம் கூடிவிடுமா.

பி.டி. டீச்சர் பார்க்க வந்தாள். அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"உங்க சலாம் என்னக் கொன்னுருச்சு டீச்சர். நீங்க ஒன்னுமே சொல்லித்தராம இருந்திருந்தாக்கூட ஒரு அடியாச்சும் போட்டிருப்பேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெசந்தான். நீங்க உசுரக் காப்பாத்தக் கேட்டீங்க. நான் விளையாட்டச் சொல்லிக் குடுத்துட்டேன்."

போய்விட்டாள். எலும்பு கூடியபிறகும் நான் கிரவுண்டுக்குப் போகவில்லை.

வீட்டில் புதுசாக ஒரு வழக்கம் வந்திருந்தது. அவருக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. கோபம் வந்தால் முன்னைப் போல உடனே கையை ஓங்குவதில்லை. முற்றத்துக்கு வந்து நிற்பார்.

"ம், விழு."

விழ வேண்டும். குழந்தை பார்க்க, ஜன்னல் பார்க்க, குனிந்து கால் அருகே தரையைத் தொட வேண்டும். விழுந்தால் சில நாள் அதோடு போகும். சில நாள் விழுந்தபிறகு அடி விழும். எது என்று அவர் கடைசிவரை காட்டிக்கொள்ள மாட்டார். இப்போதெல்லாம் சண்டை குறைஞ்சிருச்சு என்று வீட்டுக்கார அம்மா கிணற்றடியில் என்னிடமே சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் ஆமாம் என்றேன். அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. இன்று நானும் மகளும் தனியாக இருக்கிறோம், அதனால்தான் இவ்வளவாவது எழுத வருகிறது. அன்றைக்குக் காலையில் எழுவதே எனக்குப் பெரும்பாடு. வகுப்பில் போர்டைப் பார்த்து நின்றால் அடுத்த வரி வராது. கிணறு மறுபடி என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"இப்ப எப்படி இருக்கு டீச்சர்?"

"அடி கம்மி. விழச் சொல்றாரு. விழுறேன்."

"விழச் சொல்லிட்டு அவரு என்ன செய்வாரு?"

"என்ன செய்வாரு, நிப்பாரு. சாமி மாதிரி காலச் சேத்து வச்சுக்கிட்டு நிப்பாரு."

சொல்லிவிட்டு நான் நிறுத்தினேன். அவளும் என்னைப் பார்த்தாள். வெட்டிய வாழைமரமாக நான் விழுந்த நாள் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நாளைக்கு வாங்க" என்றாள். "கிரவுண்டுக்கு வேணாம். பின்னாடி பெஞ்சு அடுக்கியிருக்கிற ரூமுக்கு."

அங்கே வைத்துத்தான் என்னிடமிருந்து சலாமைப் பிடுங்கி எறிந்தாள். கற்றுக்கொடுத்ததைவிட மறக்கவைப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கம்பைக் கையில் தருவாள். நான் குனிவேன். முதுகில் பட்டென்று ஒன்று விழும். மறுபடி தருவாள், மறுபடி குனிவேன். எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. அப்புறம் வேறு வழி பண்ணினாள். வராந்தாவில் எதிரே வரும்போது திடீரென்று ஸ்கேலை நீட்டுவாள். டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கையிலேயே தட்டுவாள். இரண்டு டீச்சருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக என் கை சலாமுக்குக் காத்திராமல் பதில் சொல்ல ஆரம்பித்தது. அவள் காலைச் சேர்த்து வைத்து நிற்பாள். நான் கம்பின் நுனியைத் தாழ்த்திக் கணுக்காலை வாருவேன். பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்து விழுந்து அவள் முழங்கை தேய்ந்துபோனது.

"அடிக்க வேணாம். கால மட்டும் எடுங்க. அம்புட்டுப் போதும்" என்பாள் ஒவ்வொரு முறையும்.

கடைசி நாள் பாடம் முடிந்து கம்பை மூலையில் சாய்த்தபிறகு, அவள் தனியாகக் குனிந்து தரையைத் தொட்டாள். வெகுநேரம் நிமிரவில்லை. தன் வீட்டார் சொல்லிக்கொடுத்ததை என் பொருட்டு மீறியதற்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

அடுத்து நடந்ததற்கு நான் நாள் குறிக்கவில்லை. ஒரு வேலைநாள் சாயங்காலம், காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கம்பு கையில் இருந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே ரேடியோ கூடியது. அறை வாங்கியபிறகும் மகள் அதை விடவில்லை. அவர் நேராக முற்றத்துக்கு வந்தார். அவருடைய சட்டை ஒன்று கொடியிலிருந்து நழுவி ஈரத்தரையில் கிடந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் கம்பு இருப்பதையும் பார்த்தார். கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. ஏன் பயப்பட வேண்டும், கம்பெடுத்தால் நான் என்ன செய்வேன் என்று அவருக்குத்தான் தெரியுமே.

"ம், விழு" என்றார்.

சொல்லிவிட்டுக் கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.

என் முதுகு ஒரு கணம் வளையப் பார்த்தது. அதை நான் உணர்ந்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு தாழ்ந்தது. வாரினேன்.

அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சுலபமாக விழுவார் என்று நான் நினைக்கவே இல்லை. மல்லாந்து விழுந்தார். தலை தரையில் மோதிய சத்தம் பலமாகக் கேட்டது. தறி நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. என்ன நடந்தது என்றே புரியாமல் வானத்தைப் பார்த்தார். நான் கம்பைத் தோளுக்கு மேலே தூக்கி நின்றேன். விழுந்தவனை அடிக்கக்கூடாது என்பது எனக்கு நினைவில் இருந்தது. அடிக்க வேண்டும் என்றும் இருந்தது. கொன்றுவிட வேண்டும் என்றே இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பல வருஷம் என் கையில் வந்து நின்றது. அவர் அதை என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டார். அது எனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த நிலை.

கம்பை இறக்கினேன்.

அப்போது உள்ளே ரேடியோவின் சத்தம் குறைந்தது. விழுந்த சத்தம் மகளுக்குக் கேட்டிருக்கிறது. விழுந்தது நான்தான் என்று நினைத்திருக்கிறாள். வேறு எப்படி நினைப்பாள். குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தமும், துண்டைப் பிழிகிற சத்தமும் கேட்டன. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கீழே கிடந்த அப்பாவைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். துண்டிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. யாரிடம் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். பிறகு அப்பாவைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எங்கம்மா வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலத்தா."

அவள் நம்பவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள்.